சபைப் பத்திரிகையை நிறுத்துமுன் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த ஆங்கிலிக்கன் சபைகள் பலவற்றில் இப்போது ஒரே பேச்சு: அச்சுக்கூலி ஏறிவிட்டது, தபால் செலவு அதைவிட ஏறிவிட்டது, பத்திரிகையை நிறுத்திவிட்டு மாதம் ஒரு பிடிஎஃப் அனுப்பினால் என்ன? நிதிக்குழுவில் இது ஐந்து நிமிடத்தில் தீர்மானமாகிவிடும். அந்த ஐந்து நிமிடக் கணக்கில் பெரும்பாலும் இரண்டு பிழைகள் இருக்கும். மிச்சமாகும் பணத்தைக் கூட்டிப் போடுவார்கள். இழப்பதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார்கள்.

முதலில் பணம். அச்சகத்துப் பில்லில் பெரும்பகுதி, பிரதி எத்தனை என்பதைப் பொறுத்ததே அல்ல. பக்கம் அமைக்கும் கூலி, அச்சுத் தகடான பிளேட்டின் செலவு, எந்திரத்தை ஓடவிட்டு மை சீராகும்வரை வீணாகும் தாள் எல்லாம் ஐந்நூறு அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அநேகமாக ஒன்றுதான். பிரதியைப் பாதியாக்கினால் பில் பாதியாகாது, ஒரு பிரதியின் அடக்கவிலைதான் ஏறும். ஏறிய விலையைக் காட்டியே அடுத்த வருஷம் இன்னும் குறைப்பார்கள். இந்தச் சரிவில் இறங்கிய பத்திரிகை திரும்ப ஏறி வருவது அபூர்வம்.

உண்மையாகவே குறைக்க விரும்பினால் வண்ணத்திலும் பக்க எண்ணிக்கையிலும் கை வையுங்கள். எட்டுப் பக்க டேப்ளாய்டு, அதாவது சிறிய அளவுச் செய்தித்தாள், ஒரே தாளில் ஓடும்போது, தாளின் ஒருபுறம் 1, 4, 5, 8 ஆம் பக்கங்களும் மறுபுறம் 2, 3, 6, 7 ஆம் பக்கங்களும் விழும். முதல் புறத்துக்கு மட்டும் நான்கு வண்ணம் கொடுத்து மற்றதைக் கறுப்பிலேயே விட்டுவிடலாம். மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு குருப்பட்டப் படத்துக்கு வண்ணம் கேட்டால் அந்தப் புறம் முழுவதற்கும் மூன்று வண்ணங்களுக்குக் கூடுதல் பிளேட் போடவேண்டும். படத்தை நான்காம் பக்கத்துக்குத் தள்ளினால் போதும். அதேபோல் செய்தி அதிகம் என்று பத்துப் பக்கம் கேட்பவர்கள் உண்டு. மடிப்பு நான்கின் மடங்கில்தான் வரும். அந்த இரண்டு பக்கம் தனித்தாளாகச் செருகப்பட்டு, வழியிலேயே நழுவி விழும்.

இனி, இழப்பது. மாதப் பத்திரிகையில் அதிகம் கையாளப்படும் பகுதி பேராயரின் மடல் அல்ல, எந்த நாளில் வேதாகமத்தின் எந்தப் பகுதியை வாசிப்பது என்று சொல்லும் வேதபாட அட்டவணை. ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர், அன்று சபையில் வாசிக்கும் அதே பகுதியைத் தானும் வாசிப்பது அதை வைத்துத்தான். பல வீடுகளில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வேதாகமத்துக்குள் வைத்திருப்பார்கள். அதனால் அதன் பின்பக்கத்தில் முக்கியச் செய்தி எதையும் போடக்கூடாது. பத்திரிகை ஒரு வாரம் தாமதித்தால் முதல் ஞாயிற்றின் அட்டவணை வீண். தீர்வு எளிது: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தொடங்கி அடுத்த மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வரை அச்சிட்டால் தாமதம் உறைக்காது.

இதே அட்டவணையில்தான் மோசமான தவறும் நடக்கிறது. இந்த வாசிப்புகளுக்காக 1992 இல் வெளியான திருத்திய பொது வாசகத் திட்டம் மூன்று வருஷச் சுழற்சி கொண்டது. ஆகவே மூன்று வருஷத்துக்கு முந்தைய இதழிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எங்கும் வரலாம். அது நகரும்போது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்துக்கு முன்னுள்ள ஞாயிறுகளும், ஈஸ்டருக்குப் பின் வரும் திரித்துவ ஞாயிறுக்கு அடுத்துள்ளவையும் கூடும், குறையும். பழைய அட்டவணை கிறிஸ்துமஸுக்கு முந்தைய வருகைக்காலத்தில் சரியாக இருக்கும், பிப்ரவரியில் பிசகும். ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்து ஈஸ்டரிலிருந்து முன்னும் பின்னும் எண்ணித்தான் போடவேண்டும்.

படிப்பவர்களில் முதியோர் அதிகம் என்று தெரிந்தும் ஒன்பது பாயின்ட்டில் கோத்துத் தருவது கொடுமை. செய்தித்தாளில் மை பரவும். சின்ன எழுத்தில் ண, ன, ணை ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். தமிழுக்குப் பதினொன்று, முடிந்தால் பன்னிரண்டு பாயின்ட், வரிக்கு வரி நல்ல இடைவெளி. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கலாமே என்பார்கள். ஆக்கலாம்தான். ஆனால் அகலமான பக்கத்துக்கு அமைத்த பிடிஎஃப்பைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். எண்பது வயதுக்காரர் இரண்டாவது பத்தியில் விட்டுவிடுவார்.

அடுத்தது, பதிவு. 2012 நவம்பர் 20 அன்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவையில், பெண்கள் பேராயராவதற்கான சட்டவரைவு வாக்கெடுப்புக்கு வந்தது. மொத்தமாகக் கூட்டினால் ஆதரவு 324, எதிர்ப்பு 122. நூற்றுக்கு எழுபத்திரண்டுக்கு மேல் சம்மதம். ஆனாலும் வரைவு தோற்றது. பேராயர் அவையில் 44க்கு 3, குருமார் அவையில் 148க்கு 45, குருப்பட்டம் பெறாத சபையார் அவையில் 132க்கு 74. மூன்று அவைகளிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். சபையார் அவையில் ஆறே வாக்கு குறைந்தது. 2014 இல்தான் வேறொரு வரைவு நிறைவேறியது. "பெரும்பான்மை ஆதரவு இருந்தும் தோல்வி" என்று இரண்டு வரி வாட்ஸ்அப்பில் வந்தால் யாருக்கு என்ன விளங்கும்? அவைவாரியான எண்ணிக்கை, எந்த விதியின்படி, யார் முன்மொழிந்தார் என்பதையெல்லாம் அச்சில் போட்டால் அது நிற்கும். பிறகு யாரும் ஓசையில்லாமல் மாற்ற முடியாது. தவறு இருந்தால் அடுத்த இதழில் அதே பக்கத்தில் திருத்தம் வரும், தவறும் திருத்தமும் இரண்டுமே பதிவாக இருக்கும். இணையப் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால் மாற்றியவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த மரபு பழையது. அயர்லாந்துத் திருச்சபையின் கெஜட் 1856 இல் தொடங்கியது. லண்டனின் சர்ச் டைம்ஸ் 1863 இலிருந்து வருகிறது. அதன் பழைய இதழ்கள் இன்று கணினியில் தேடக் கிடைப்பதற்குக் காரணம், யாரோ தாளை வைத்திருந்ததுதான். கனடாவின் ஆங்கிலிக்கன் ஜர்னலுக்கு மூலம் 1875 இல் வந்த டொமினியன் சர்ச்மேன். திருநெல்வேலியின் நற்போதகமும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிறப்பே. இவற்றில் சர்ச் டைம்ஸ் எந்தத் திருமண்டலத்துக்கும் (ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) சொந்தமானதல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மாலையும் சால்வையுமாகப் படம் போடும் பத்திரிகைக்காக நாங்கள் வாதாடவில்லை. வாசகர் கடிதமும் வரவுசெலவுக் கணக்கும் இல்லாத பத்திரிகை நின்றுபோனால் அழுவாரும் இருக்கமாட்டார்கள்.

பத்திரிகை கெடுவது பெரும்பாலும் அச்சகத்தில் அல்ல, விநியோகத்தில். சேகரத்துக்கு, அதாவது ஓர் ஆயரின் (போதகரின்) பொறுப்பிலுள்ள சபைகளுக்கு, கட்டாக அனுப்பினால் ஆலயத்து உடைமாற்றும் அறையில் கயிறுகூட அவிழ்க்காமல் கிடக்கும். பிறகு "யாரும் படிப்பதில்லை" என்று அறிக்கை வரும். கட்டிலுள்ள பிரதிகளில் குடும்பவாரியாகப் பெயர்ச்சீட்டு ஒட்டி, தெருவுக்கொருவர் பொறுப்பு என்று பிரித்து, மிஞ்சியதை எண்ணி எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் உண்மையான எண்ணிக்கை தெரிந்துவிடும். தபாலில் போவதானால் முகவரிப் பட்டியல்தான் உயிர். மரித்தவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். ஒரே வீட்டுக்குக் கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று போகும். ஆண்டுக் கூட்டத்துக்காக வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அதே வாரத்தில் இதையும் திருத்திவிட்டால் தனி வேலை இல்லை. கனடாவில் 2019 இல், ஆங்கிலிக்கன் ஜர்னலைத் தொடர்ந்து வேண்டும் என்று உறுதிசெய்தவர்களுக்கு மட்டும் அனுப்புவது என்று மாற்றினார்கள். செய்யலாம். ஆனால் பதில் எழுதாதவர் எல்லாம் வேண்டாதவர் அல்லர், கண் தெரியாதவரும் அதில் இருப்பார். நீக்குமுன் சேகர ஆயரிடம் ஒரு முறை பட்டியலைக் காட்டவேண்டும். கனடாவில் திருமண்டலங்களின் இதழ்களைத் தேசிய இதழோடு மடித்து ஒரே தபாலில் அனுப்பும் ஏற்பாடு நெடுங்காலம் இருந்தது. பக்கத்துத் திருமண்டலங்கள் எங்கும் பின்பற்றத் தக்க சிக்கனம் அது.

படங்களைப் பற்றி ஒரே வார்த்தை: வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், முகம் சிதையாது. செய்தித்தாளில் எல்லாமே ஒரு படி கறுத்து விழும் என்பதால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நடுச்சாயலைச் சற்று வெளுக்கவேண்டும். படத்தின் கீழே இடமிருந்து வலமாக முழுப்பெயர்கள். ஐம்பது வருஷம் கழித்து அந்தப் படத்துக்கு மதிப்புத் தருவது பெயர்கள்தான். "வருகிற ஞாயிறு" என்று அச்சில் ஒருபோதும் எழுதக்கூடாது, தேதியைப் போடவேண்டும்.

பாதுகாப்பு என்று வரும்போது தாளுக்காக வாதாடும் நாங்களும் தவறு செய்கிறோம். செய்தித்தாளில் மரக்கூழிலிருந்து வரும் லிக்னின் என்ற பொருள் அதிகம். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும், அமிலமேறி நொறுங்கும். ரப்பர் பேண்ட், செல்லோடேப், இரும்புப் பின் மூன்றும் எதிரிகள். லாமினேஷன் செய்வது பாதுகாப்பதல்ல, சிறை வைப்பது. திரும்பப் பிரிக்க முடியாது. அமிலமற்ற பெட்டியில் படுக்கையாக, இருட்டில், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும். இரண்டு தொகுதிகள், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில். ஸ்கேன் எடுத்தால் அங்குலத்துக்கு 300 முதல் 400 புள்ளி (டிபிஐ), மூலக்கோப்பு டிஃப் (TIFF) என்ற பட வடிவில். தமிழுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் கோத்த பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வேறேதோ குறிகள். "பேராயர்" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றாமல் "எல்லாம் கணினியில் இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. இணையதளத்தைப் புதிதாக அமைக்கும்போது பழைய இணைப்புகள் அறுவதும் வாடிக்கை.

நிறுத்தியே தீருவது என்று முடிவானால், கடைசி இதழில் பழைய தொகுப்பு எங்கே, யார் பொறுப்பில், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்று அச்சிடுங்கள். கைப்பேசி இல்லாதவர்களுக்கு மட்டுமாவது வேதபாட அட்டவணையும் மரித்தோர் பெயர்களும் கொண்ட ஒரு தாளை ஏ4 அளவில் இருபுறமும் அடித்து, திருவிருந்து கொடுக்க வீட்டுக்குப் போகும் ஆயரின் பையில் வையுங்கள். அலுவலகத்தில் மீந்த பழைய பிரதிகளை எடைக்குப் போடுமுன் பாதுகாப்புத் தொகுதியோடு இதழ் இதழாக ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தொகுதியில் விடுபட்ட இதழ் அந்தக் குவியலில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
திருச்சபை இதழ்களின் பதிப்பு, விநியோகப் பணியில் உள்ள வாசகர்கள்