ரிம்ஃபயர் ரைபிளின் உற்பத்திக் குறைபாடு குறித்த புகார் கடிதம்

அனுப்புநர்:
ஆயுத உரிமம் பெற்ற வாடிக்கையாளர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 20-08-2024

பொருள்: 10-01-2024 அன்று வாங்கிய .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் தோட்டா வெடிக்காமல் போவது, குறி சிதறுவது, 06-07-2024 அன்று தோட்டாக் கூடு பிளந்தது ஆகியவை குறித்து.

பார்வை: 13-02-2024, 08-07-2024 ஆகிய நாட்களில் நான் அனுப்பிய புகார்கள், 05-03-2024, 02-08-2024 நாளிட்ட தங்கள் பதில்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இரண்டாவது பதிலைப் படித்த பிறகு இந்த மூன்றாவது கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பதிலில் மூன்று செய்திகள் சொல்லப்பட்டிருக்கின்றன. பழுது தோட்டாவில் இருக்கிறதே தவிர துப்பாக்கியில் இல்லை என்பது ஒன்று; ஆறு மாத உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பது மற்றொன்று; ஆனாலும் 'நல்லெண்ண அடிப்படையில்' சோதித்துத் தருவதற்காகத் துப்பாக்கியைக் கூரியரில் அனுப்பி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இம்மூன்றுமே தவறு என்பதை உரிய விவரங்களோடு கீழே எழுதியிருக்கிறேன். இதைச் சேவைப் பிரிவோடு நிறுத்திவிடாமல், துப்பாக்கியின் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். தங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் பேசிய தம்பி, "மயில் விரட்டவா சார், பன்றிக்கா?" என்று கேட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நெல் விவசாயி. என் வயலில் மயில் இறங்குவதும் உண்மைதான். ஆனால் அதைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது எனக்குத் தெரியும். நான் ரைபிள் வாங்கியது ஐம்பது மீட்டர் இலக்குச் சுடுதலுக்காக மட்டுமே. கும்பகோணத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் என்.சி.சி.யில் .22 ரைபிளைப் பிடித்துப் பழகியவன் நான். அந்த ரைபிள்கள் என்னைவிட வயதில் மூத்தவையாக இருந்தும், ஒரு தோட்டாகூட வெடிக்காமல் போனதாக எனக்கு நினைவில்லை. பயிற்சிச் சான்றிதழ், காவல் நிலைய விசாரணை, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் என்று பதினான்கு மாதம் அலைந்து உரிமம் பெற்று, திருச்சியில் உள்ள தங்கள் விற்பனையாளரிடம் இந்த ரைபிளை வாங்கினேன். அதன் எண் உரிமப் புத்தகத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது.

11-02-2024 ஞாயிற்றுக்கிழமை, நான் உறுப்பினராக உள்ள ரைபிள் சங்கத்தின் சுடுதளத்தில் முதன்முதலாகச் சுட்டேன். இருபது தோட்டாக்களில் நான்கு வெடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தங்களுக்கு எழுதினேன். புதிய துப்பாக்கி 'பழகுவதற்கு' 200 தோட்டாக்கள் வரை சுட வேண்டியிருக்கும் என்று பதில் வந்தது. எனக்கு உரிமத்தில் அனுமதிக்கப்பட்டிருப்பது ஆண்டுக்கு 200 தோட்டாக்கள்தான். வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் வாங்கிய ஒவ்வொரு தோட்டாவும் அந்தக் கணக்கில்தான் எழுதப்படும் என்பது ஆயுதம் தயாரிக்கும் நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்து மக்களவைத் தேர்தல் வந்தது. உரிமதாரர்கள் அனைவரும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்ற உத்தரவின்படி, 20-03-2024 அன்று ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றேன். நடத்தை விதிகள் விலக்கப்பட்ட பிறகு, 12-06-2024 அன்று திரும்பப் பெற்றேன். வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் நாள் அது; இந்த ஆண்டு அன்றைக்கு அணை திறக்கவில்லை, ஜூலை 28இல்தான் திறந்தார்கள். குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் கையில் வேலையும் இல்லாமல் இருந்ததால், இந்தத் துப்பாக்கியை ஒரு முறைக்கு இரண்டு முறை ஒழுங்காகச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தோட்டாவின் மீது பழி வரும் என்று எதிர்பார்த்தே மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் தோட்டாக்களை வாங்கினேன், ஒவ்வொன்றிலும் அறுபது. அறுபதில் ஐம்பது என் ரைபிளுக்கு, பத்து சங்கத்தின் பழைய ரைபிளுக்கு என்று பிரித்தேன். சோதனை 29-06-2024, 06-07-2024 ஆகிய இரு சனிக்கிழமைகளில், காலை ஏழு மணிக்குக் காற்று எழுவதற்கு முன்பாக, சுடுதள அதிகாரியின் முன்னிலையில் நடந்தது. கை நடுக்கம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மேசைமீது தாங்கு வைத்துச் சுட்டேன். முதலில் உமி அடைத்த பையை வைத்தேன். அது எதிர்த்து எழும்பும், மணல் பைதான் அசையாமல் இருக்கும் என்று பயிற்றுநர் சொன்னதால் உடனே மாற்றிவிட்டேன். இரண்டு ரைபிள்களுக்கும் அதே மேசை, அதே பை, அதே ஸ்கோப், சுட்டவனும் நானேதான்.

சங்கத்தின் ரைபிளில் முப்பது தோட்டாக்களும் வெடித்தன. ஐந்து ஐந்தாகச் சுட்ட ஆறு தாள்களில், ஐந்து துளைகளும் மிகவும் விரிந்து விழுந்த தாளில்கூட அவற்றின் பரவல் 21 மில்லிமீட்டர்தான்.

தங்கள் ரைபிளில் 141 தோட்டாக்களைச் சுட முயன்றதில் 18 வெடிக்கவில்லை. முதல் வகையில் ஏழு, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் ஆறு. ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. விசையை இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், குழலை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருந்து பிறகுதான் போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் பூட்டுக் கம்பியை, திறக்க வேண்டும். இப்படிப் பதினெட்டு முறை காத்திருந்தேன். வெடிக்காத அந்தப் பதினெட்டையும் சுடுதள அதிகாரி தம் பொறுப்பில் சங்கத்தின் ரைபிளில் போட்டுப் பார்த்தார், பதினாறு வெடித்தன. பழுது தோட்டாவில் என்றால், அவை அடுத்த துப்பாக்கியில் ஏன் வெடிக்க வேண்டும்?

இரண்டு ரைபிள்களிலும் சுடப்பட்ட கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அதைத் தாங்கள் பார்த்ததற்கான அறிகுறி பதிலில் இல்லை. சங்கத்தின் ரைபிள் பதித்த தழும்பு, விளிம்பின் வட்டத்திலேயே ஆழமாக, ஓரங்கள் தெளிவாக இருக்கிறது. தங்கள் ரைபிளின் தழும்பு நகத்தால் கீறியதுபோல் மேலாக இருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இல்லாமல் விளிம்புக்குள்தான் இருக்கிறது. ஃபயரிங் பின் என்ற அடிக்கும் ஊசி அந்த விளிம்பைப் பேரலின், அதாவது குழலின், பின்முகத்தோடு சேர்த்து நசுக்கினால்தான் அது வெடிக்கும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன் உள்ள அந்த விளிம்பு உட்காரும் இடைவெளி, அதாவது ஹெட்ஸ்பேஸ், அளவுக்கு மேல் இருந்தால், அடி விழும்போது தோட்டா முன்னால் நகர்ந்து அடியின் வேகத்தை வாங்கிவிடும். இந்த ஐயத்தின் பேரில் 15-07-2024 அன்று, பழுதுபார்க்க உரிமம் உள்ள துப்பாக்கி மெக்கானிக் ஒருவரிடம் திருச்சியில் காட்டினேன். இடைவெளி சரியாக இருந்தால் போல்ட் மூடக் கூடாத அளவுகோலான நோ-கோ கேஜை உள்ளே வைத்தபோதும் போல்ட் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாக மூடிக்கொண்டது. அவர் ஒரு முறை மூடிக் காட்டினார், பிறகு என்னையே மூடிப் பார்க்கச் சொன்னார். ஒரே விரலால் மூட முடிந்தது. அவர் எழுதிக் கொடுத்த குறிப்பின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தோட்டா இல்லாமல் விசையை இழுத்திருப்பேனோ என்று கேட்டிருந்தீர்கள். அப்படி இழுத்திருந்தால் பேரலின் பின்விளிம்பில் ஃபயரிங் பின் பட்ட பள்ளம் இருக்க வேண்டும். இல்லை என்று அதே குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார்.

வெடிக்காமல் போவது எரிச்சல் தரும் விஷயம் என்ற அளவில்கூட விட்டுவிடலாம். வெடித்தபோது நடந்ததை விட முடியாது. 06-07-2024 அன்று 141ஆவது தோட்டா வெடித்ததும், வலக்கன்னத்தில் சூடான மிளகுப் பொடியை வீசி அடித்ததுபோல் இருந்தது. பாதுகாப்புக் கண்ணாடியின் வலப்பக்கம் கருமை படிந்திருந்தது. போல்ட்டைத் திறந்தால் கூடு பாதி வெளியே வந்து சிக்கிக்கொண்டது. எடுத்துப் பார்த்தபோது அதன் அடிவிளிம்பு, அப்பளத்தின் ஓரத்தைக் கிள்ளி எடுத்ததுபோல், கால் வட்டம் அளவுக்குப் பிய்ந்திருந்தது. சுடுதள அதிகாரி அந்த இடத்திலேயே சோதனையை நிறுத்தி, சங்கப் பதிவேட்டில் எழுதி, பழுது நீங்கும் வரை இந்த ரைபிளை அங்கே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் செய்தது சரிதான். கண்ணாடி அணியாதிருந்தால் இந்தக் கடிதத்தை வேறொருவர்தான் எழுதிக்கொண்டிருப்பார். 08-07-2024 அன்று இவ்வளவையும் எழுதியிருந்தும், தங்கள் பதிலில் இந்நிகழ்ச்சியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

குறி சிதறுவதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐம்பது மீட்டரில் ஐந்து தோட்டாக்கள் 25 மில்லிமீட்டருக்குள் விழும் என்று தங்கள் விளக்கத்தாள் சொல்கிறது. போட்டித் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால், அந்த 25 மில்லிமீட்டரையே நான் பெருந்தன்மையான அளவாகத்தான் எடுத்துக்கொண்டேன். சுட்டு முடித்த 24 தாள்களில் மூன்று மட்டுமே அதற்குள் அடங்கின. பதினான்கு தாள்கள் 45 மில்லிமீட்டரைத் தாண்டின. மிகப் பெரியது 62. பெரும்பாலான தாள்களில் முதல் இரண்டு துளைகள் ஒட்டியே இருக்கின்றன, அடுத்தவை வலப்பக்கம் மேல்நோக்கிப் படியேறுகின்றன. பேரல் மரக்கட்டையைத் தொடாமல் நிற்கும் என்று விளக்கத்தாளில் இருக்கிறதே என்று ஒரு பத்து ரூபாய் நோட்டை இரண்டுக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தேன். முனையிலிருந்து நான்கு விரற்கடை தூரம்கூட வரவில்லை, இடப்பக்கம் சிக்கிக்கொண்டது. காவல் நிலையத்தில் இருந்த காலத்தில் ஈரப்பதத்தால் கட்டை ஊதியிருக்கலாம் என்கிறீர்கள். ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பே, பிப்ரவரியில் சுட்ட தாள்களிலும் துளைகள் அதே வலப்பக்கம்தான் ஏறியிருக்கின்றன. அவற்றின் படங்கள் முதல் புகாரிலேயே தங்களிடம் இருக்கின்றன.

இனி உத்தரவாதம். ஆறு மாதம் 09-07-2024 அன்று முடிகிறது. என் முதல் புகார் பிப்ரவரி 13ஆம் தேதியது. இரண்டாவது புகாரை ஜூலை 8ஆம் தேதி மின்னஞ்சலில் அனுப்பி, அன்றே பெற்றுக்கொண்டதாகத் தங்கள் தானியங்கிப் பதிலும் வந்தது. அதைத் தங்கள் அலுவலகம் 12ஆம் தேதி பதிவு செய்ததற்கு நான் பொறுப்பாக முடியாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, அரசு உத்தரவுப்படி 84 நாட்கள் துப்பாக்கி என் கையிலேயே இல்லை. காவல் நிலைய ரசீதின் நகல் இணைப்பில் இருக்கிறது.

கூரியர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐயா, இது மிக்சியோ மின்விசிறியோ அல்ல. என் பெயரில் உரிமம் உள்ள ஆயுதத்தை அட்டைப்பெட்டியில் கட்டி உரிமம் இல்லாத ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு என்மீதுதான் பாயும். பாபநாசத்தில் உள்ள கூரியர் கடைக்காரரிடம் கேட்டபோது, பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொன்னதுமே அவர் இரண்டடி பின்வாங்கினார். ஆயுதத் தயாரிப்பு உரிமம் வைத்திருக்கும் தாங்கள் ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்தில் இப்படி ஆலோசனை சொல்லியிருப்பதை, தங்கள் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்வது தங்களுக்கே நல்லது.

ஆகவே, இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், திருச்சியில் உள்ள தங்கள் விற்பனையாளர் வழியாக ரைபிளைப் பெற்றுக்கொள்ளவும், அங்கிருந்து தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்வதற்கான அனுமதியையும் செலவையும் தாங்களே ஏற்கவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹெட்ஸ்பேஸ் அளவு தவறென்று தங்கள் சோதனையிலும் தெரிந்தால், இதையே தேய்த்துச் சரிக்கட்டித் திருப்பி அனுப்புவதை நான் ஏற்க மாட்டேன். வேறு ரைபிள் தர வேண்டும், அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். வேறு ரைபிள் என்றால் அதன் எண் மாறும்; உரிமத்தில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை ஏற்றுவதற்குத் தேவையான கடிதத்தை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தாங்களே தர வேண்டும். இதே தொகுப்பில் விற்பனையான மற்ற ரைபிள்களை வாங்கியவர்களுக்கும் தகவல் தெரிவித்துச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். எல்லோரும் கண்ணாடி அணிந்து சுடுவார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

தக்க பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், முறையிடுவேன். பிளந்த கூடு, வெடிக்காத இரண்டு தோட்டாக்கள், 24 இலக்குத்தாள்கள் ஆகியவற்றின் மூலங்கள் சங்க அலுவலகத்தில் முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன; தங்கள் பொறியாளர் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

ரைபிள், போல்ட் கழற்றப்பட்ட நிலையில், என் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இந்த ஆண்டுக்கு எனக்கு எஞ்சியிருப்பவை ஒன்பது தோட்டாக்கள். அவற்றை அதில் போடும் எண்ணம் எனக்கு இல்லை. இப்போது ஆற்றில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம். செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் நடவு தொடங்கிவிட்டால் என்னால் திருச்சிக்கு வர இயலாது. அதற்கு முன்பாக, ஞாயிறு நீங்கலாக எந்த நாளைக் குறிப்பிட்டாலும், இரண்டு நாள் முன்னதாகத் தெரிவித்தால் ரைபிளோடும் உரிமப் புத்தகத்தோடும் விற்பனையாளரிடம் நேரில் வந்து ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)