தாமதித்தது பெற்றோரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குணமாக்க முடியாத நோயுள்ள பிள்ளைகளின் நோவையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு பற்றிச் சென்ற வார மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். நடுவில் மட்டும் ஒரு வரி: “தோட்டப்புறப் பெற்றோர் அறியாமையினால் இச்சேவையைக் கடைசி நேரத்திலேயே நாடுகின்றனர்.” எழுதிய டொக்டர் எந்த ஊரோ, நான் அறியேன். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த எங்கள் மலையகத்தை நன்கறிந்த தாங்கள் இதை எப்படி அச்சேற்றினீர்கள்?

என் தங்கை மகனுக்கு டுஷேன் தசைச் சிதைவு நோய். சின்ன வகுப்பில் படிக்கும்போதே, தரையிலிருந்து எழுவதென்றால் முழங்காலிலும் தொடையிலும் கையை மாறி மாறி ஊன்றித்தான் நிமிர்வான். பாடசாலையில் சோம்பேறி என்றார்கள். நடை நின்ற பிறகு தங்கை அவனை முதுகில் சுமந்து, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) படிகளில் இறங்கி, பஸ் ஏற்றி கிளினிக்குக் கொண்டுபோனாள். அன்றைக்கு செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) பேர் விழாது. இதைத் தங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஒரு கிளினிக்கையும் அவள் தவறவிட்டதில்லை. அங்கே நிறை பார்ப்பார்கள், குளிசை கொடுப்பார்கள், அடுத்த திகதியைக் குறிப்பார்கள். நோய்த்தணிப்பு என்று ஒன்று இருப்பதாக ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாய்வழி நோய் என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட புகுந்த வீட்டார் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இந்நோயுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு அது தாயிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது என்பதை எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

பிறகு, காலையில் எழும்போதே தலைவலி என்பான். பகலெல்லாம் தூங்கி விழுவான். பாட்டி சுக்கு அரைத்துப் பற்றுப் போட்டார். இரவில் மூச்சுத் தசைகள் தளர்ந்து இரத்தத்தில் கரியமில வாயு தேங்குவதே காரணம் என்று கடைசியில் ஓர் இளம் டொக்டர் விளக்கினார். அவர்தான் நோய்த்தணிப்புப் பிரிவுக்குக் கடிதமும் எழுதினார். அப்போது பிள்ளையால் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. அதன்பின் அவன் அதிக நாள் இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை முன்பே எழுதியிருக்க வேண்டியவர் யார், கொழுந்து பறிக்கும் தாயா?

இத்தகைய பராமரிப்பு நோய் கண்டறியப்படும்போதே தொடங்கவேண்டும், மற்றச் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே கூறியிருக்கிறது. இதைச் சுகாதார சேவையின் எல்லா மட்டங்களிலும் சேர்க்கும்படி 2014இல் அந்நிறுவனத்தின் உலக சுகாதாரப் பேரவை உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. இலங்கையும் உறுப்பு நாடுதான். ஆனால் நாடு வேறு, தோட்டம் வேறு என்பதை 1948இல் தோட்ட மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தபோதே எங்களுக்கு உணர்த்திவிட்டார்களே! உலக சுகாதார நிறுவனத்தின் பிள்ளைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கடும் நோவைத் தணிக்கும் மோர்பின் இருக்கிறதாம். எங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் எந்த நோவுக்கும் பனடோல்தான். மாதம் தவறாமல் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள் இதைப் பற்றி ஒரு மேடையிலாவது பேசியதுண்டா? மே தினத்துக்குத் தாங்கள் போடும் கூடைக்காரிகளின் வர்ணப் படத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரியைத் திருத்துங்கள். மலையகப் பிள்ளைகளுக்கு இச்சேவை எந்த வைத்தியசாலையில், எந்தக் கிழமையில் கிடைக்கிறது, கடிதத்தை யாரிடம் கேட்கவேண்டும் என்பதை டொக்டரிடமே விசாரித்து ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். இடமில்லை என்றால் வார பலனைக் கொஞ்சம் குறையுங்கள், கிரகங்கள் கோபித்துக்கொள்ளமாட்டா.

என் பெயரை வெளியிட வேண்டாம். தங்கை இன்னும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஸ்கெலியா.