கரும்புத் தீயும் என் ராக்கெட் கணக்கும்

டொங்காட்
ஆகஸ்ட் 14

அன்புள்ள பாலா,

தைப்பூசத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறு. அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. நீயும் எழுதாததற்குக் கேப் டவுன் குளிரில் உன் விரல் விறைத்துப்போனதே காரணம் என்று கமலா அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தகரக் கூரையை இன்னும் மாற்றவில்லை.

இத்தனை மாதமும் என்னைப் பிடித்துவைத்திருந்தது ஒன்றுதான்: திட எரிபொருள் ராக்கெட்டுக்குள் உந்துபொருள் நொடிக்கு நொடி எப்படி எரிந்து கரைகிறது என்பதைக் கணினியில் கணித்துக் காட்டுவது. பற்றவைத்த பிறகு திருகிக் குறைக்க அதில் குழாய் எதுவும் இல்லை. வார்க்கும்போது நடுவில் விடும் துளையின் வடிவமே உந்துவிசையை ஏற்றி இறக்குகிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்க ராக்கெட்டுகளில் மேல்துண்டின் துளையை 11 முனை நட்சத்திரமாக அமைத்ததும், புறப்பட்ட 50 நொடி அளவில் உந்துவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் இப்படித்தான்.

எரியும் முகம் எல்லா இடத்திலும் தனக்குச் செங்குத்தாகவே பின்வாங்கும் என்பதால், அதன் மீதிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். துளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உந்துபொருள் கூர்களில் இருபுறத்துப் புள்ளிகளும் ஒன்றையொன்று தாண்டிப் போய் முடிச்சு விழுந்தது. எரிபரப்பு 10 விழுக்காடு கூடுதலாக வந்தது. அழுத்தம் எரிவேகத்தைக் கூட்ட, அந்த வேகம் அழுத்தத்தை மேலும் ஏற்றுவதால், அழுத்த அடுக்கு (எரிவேகம் அழுத்தத்தின் எத்தனையாவது அடுக்காக ஏறுகிறது என்ற எண்) 0.5 என்று கொண்டால் அந்தப் பிழை அறை அழுத்தத்தில் 21 விழுக்காடாக வீங்கும். ராக்கெட்டின் வெளி உறை தாங்குமா வெடிக்குமா என்ற முடிவே அதில் மாறிவிடும், பாலா. பல இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சென்ற செவ்வாய் விடியற்காலையில், வெருலம் சாலையோரம் அறுவடைக்கு முன் கரும்புக்குத் தீ வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்துத் தீ மூலையில் சந்தித்த இடத்தில் ஒன்று மற்றொன்றைத் தாண்டவில்லை. எரிந்த கரும்பு மறுபடியும் எரியாதல்லவா! நகரும் முகங்களைக் கணிப்பது பற்றிக் கணிதவியலாளர்கள் ஓஷரும் சேத்தியனும் 1988இல் எழுதிய கட்டுரையின் உட்பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது. இப்போது புள்ளிகளை நகர்த்துவதில்லை. கணினியில் விரித்த கட்டவலையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள துளைச்சுவர் எவ்வளவு தூரம் என்று ஒரே முறை கணக்கிடுகிறேன். அந்தத் தூரம் எரிந்த ஆழத்துக்குச் சமமாக உள்ள இடமே அந்த நொடியின் எரிமுகம். முடிச்சுகள் மறைந்தன, கடைசியில் உறையோரம் எஞ்சும் சிறு துண்டுகள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

ஒரு கவலை மட்டும் மிச்சமிருக்கிறது. வாயு வேகமாக உரசி வெளியேறும் வாய்ப்பக்கத்தில் எரிவேகம் கூடும். அங்கே தூரக் கணக்கு மட்டும் போதாது. தீ எந்தப் புள்ளியை எப்போது எட்டும் என்ற நேரத்தையே கணக்கிட வேண்டும். அந்தச் சமன்பாட்டை நான் எழுதியிருக்கும் விதத்தில் எனக்கு உறுதியில்லை. நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். ஆறாம் பக்கத்தை முதலில் பார்.

உன்,
சிவா