பள்ளி வாசலில் வேகத்தடை: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கோத்தகிரி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி வாசலில் உடனே ஒரு வேகத்தடை போடுவோம், 'பள்ளி, மெதுவாகச் செல்க' என்று தகரத்தில் எழுதி மாட்டுவோம், செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் இரண்டையும் நாமாகச் செய்யக் கூடாது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 116இன்படி சாலைக் குறியீடு வைப்பது அரசும், அரசு அதிகாரம் தந்த துறையும் செய்ய வேண்டிய வேலை. அது ஒருபுறம் இருக்கட்டும். வண்டி ஓட்டுபவர் பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை, வடிவத்தைத்தான் பார்க்கிறார். வட்டம் கட்டளை, சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை, செவ்வகம் தகவல். எண்கோணம் கண்டால் நிற்க வேண்டும், தலைகீழ் முக்கோணம் கண்டால் வழிவிட வேண்டும். நாடு முழுவதற்குமான இந்த ஒழுங்கை இந்திய சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) என்ற அமைப்பின் ஐ.ஆர்.சி. 67 என்ற நெறிமுறை வகுத்திருக்கிறது. மைசூரிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ வருபவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் முக்கோணத்துக்குள் இருக்கும் பிள்ளைகள் படம் புரியும். பெயின்ட் அடித்த தகரமோ முகப்பு விளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பாது. நம் ஊர் மூடுபனியில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று.

வேகத்தடை இன்னும் சிக்கல். அதே அமைப்பின் வேகத்தடை நெறிமுறையான ஐ.ஆர்.சி. 99 சொல்லும் வட்ட மேடு, வண்டி போகும் திசையில் சுமார் மூன்றரை மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் கடக்கலாம், அதற்கு மேல் போனால் தூக்கிப் போடும். மேட்டில் வண்ணப் பட்டைகளும், 40 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும். ஊருக்குள் அவசரத்துக்குப் போடுவது அரை மீட்டர் நீளத்தில் குவித்த தார். ஸ்கூட்டரின் முன்சக்கரம் அதில் முட்டித் திரும்பும். நம் வாசலோ வளைவு முடிந்த சரிவில் இருக்கிறது. தேயிலை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும் லாரி ஈரச் சாலையில் அங்கே திடீரென பிரேக் பிடித்தால், வளைவுக்குள் வரும் அடுத்த வண்டிக்கு அது நிற்பதே தெரியாது. மேட்டின் மேல்பக்கம் மழைநீர் தேங்கி, கார்த்திகைக்குள் குழி விழும் என்பது உபரி.

அதனால் நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுக்கிறோம்: இரு பக்கமும் பள்ளிப் பலகை, வரிக்கோட்டுக் கடவை (ஜீப்ரா கிராசிங்), வேகத்தடை எங்கே பொருந்தும் என்று அவர்களே அளந்து முடிவு செய்ய ஓர் இட ஆய்வு. வாசலுக்கும் வளைவுக்கும் உள்ள தூரம், காலை மாலை சாலையைக் கடக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, பனி நேரப் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைக்கிறோம். வெறும் 'ஆவன செய்யவும்' மனுவைவிட அளவு உள்ள மனு சீக்கிரம் நகரும்.

அதுவரை சில வேண்டுகோள்கள். காலையில் வாசலை ஒட்டி வண்டி நிறுத்தாதீர்கள். ஜீப்புக்கும் காருக்கும் இடையிலிருந்து வெளிப்படும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, வண்டி ஓட்டி வருபவர் கண்ணில் கடைசி நொடியில்தான் படும். குறுகிய இடத்தில் எதிரெதிரே வந்தால் இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். நடந்து வரும் பிள்ளைகள் நடைபாதை இல்லாத இடத்தில் வலப்புறமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வரட்டும். மழைக்கோட்டு வாங்கினால் கறுப்பும் கருநீலமும் வேண்டாம், மஞ்சள் வாங்குங்கள். குறியீட்டுக் கம்பத்தில் பிறந்தநாள் பேனர் கட்டுபவர் யாராக இருந்தாலும் தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள்.

மனுவின் கையெழுத்துத் தாள் வெள்ளிக்கிழமை மாலை 4 மணி வரை அலுவலகத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்