குஞ்சுப் பெட்டியைக் கார்த்திகையில் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தேன். பொதுநோக்கு மண்டபத்தில் மேசை போட்டு, ஓட்டை போட்ட காட்போட் பெட்டிகளை அடுக்கி, வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள். வாங்குகிற பெண்கள் சிரிக்கிறார்கள். பின்னால் ஜன்னலுக்கு வெளியே மழை. அந்த மழையைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நானும் ஒரு காலம் அப்படிச் சிரித்துக்கொண்டு பெட்டி வாங்கினவள்தான். எங்கள் ஊர் தம்பலகாமம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் ஒன்றரை ஏக்கர் வயல், வீட்டோடு சேர்ந்து கொஞ்சம் வளவு. முட்டை விலை ஏறி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்கிய 2023ஆம் வருடம் அது. கோழி வளர்க்க ஆசைப்படாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு நிறுவனம் எனக்கு 20 குஞ்சும் ஒரு பை தீனும் தந்தது. கூட்டை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். அடைமழைக்குள் கம்பு வெட்டி, கிடுகு தேடி யார் கூடு கட்டுவது? பெட்டியை அடுக்களையில் வைத்து, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன்.

மூன்றாம் இரவு கரண்ட் போய்விட்டது. குளிர் பட்டால் குஞ்சு விடாமல் கத்தும். கத்தின. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது. சரி, தூங்கிவிட்டன என்று நானும் படுத்துவிட்டேன். விடியப் பார்த்தால், பெட்டியின் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடக்கின்றன. மேலே இருந்தவைக்கு உயிர் இருந்தது. அடியில் எட்டு, நனைந்த துணி மாதிரித் தட்டையாக.

முதல் கிழமை குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வரலாம் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அதற்குச் சூடு அளக்கும் கருவியும் தேவையில்லை. பல்புக்கு அடியில் நெருக்கியடித்து நின்றால் குளிர்கிறது. தள்ளிப்போய் வாயைத் திறந்துகொண்டு நின்றால் சூடு கூடிவிட்டது. பரவலாகப் படுத்திருந்தால் நாங்களும் போய்ப் படுக்கலாம். இன்னொன்று, குஞ்சு வைக்கும் இடத்துக்கு மூலையே இருக்கக்கூடாது. காட்போட்டையோ தகரத்தையோ வட்டமாக வளைத்து, உள்ளே உமி பரப்பினால் போதும். ஒரு காட்போட் துண்டுக்காக எட்டு உயிர்.

மிஞ்சிய பன்னிரண்டும் நன்றாகத்தான் வளர்ந்தன. தை பிறந்த பிறகு ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு பின்பக்கமாக நடந்தது. பச்சையாகக் கழிந்தது. ராணிக்கெட் என்கிற கோழி நோய். ஐந்தே நாளில் பத்து கோழியைப் புதைத்தோம். மிஞ்சியது ஒரு பேடும் ஒரு சேவலும்.

அதற்குப் பிறகு அம்மா சொன்னதைக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்கலாம். பேடு அடைக்குக் கிடந்ததும், பழைய சட்டியில் மணலும் வைக்கோலும் போட்டு 11 முட்டை வைத்தார். ஏன் ஒற்றைப்படை என்று கேட்டால் பதில் கிடையாது. இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் பக்கத்தில் போட்டார். ஏழாம் நாள் இரவு டோர்ச்சில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தோம். கருக்கொண்ட முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் சிலந்திவலை மாதிரி ஓடின. இரண்டில் ஒன்றும் இல்லை, வெறும் வெளிச்சம். 21ஆம் நாள் எட்டு பொரித்தன. தாய் இருந்தால் பல்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். புற்றில் சட்டியைக் கவிழ்த்து வைத்துக் கறையான் பிடித்துப் போட்டோம், குறுணலும் போட்டோம். ஒன்றைப் பருந்து கொண்டுபோனது, மற்றவை தப்பின.

ஆனால் ராணிக்கெட்டுக்கு அம்மாவிடமும் மருந்து கிடையாது. வந்தபிறகு யாரிடமும் கிடையாது. வராமல் தடுக்கத்தான் மருந்து இருக்கிறது, அது பெரிய விலையும் இல்லை. போத்தல்தான் பிரச்சினை. ஒரு சின்னப் போத்தலில் நூற்றுக்கணக்கான கோழிக்கான மருந்து. 2 முதல் 8 பாகைக் குளிரில் கொண்டுவர வேண்டும், கரைத்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஒன்பது கோழி வைத்திருக்கிற எனக்காக யார் போத்தலை உடைப்பார்கள்? கால்நடை வைத்தியர் கோபிக்கவில்லை. "நூறு கோழி சேர்த்துப்போட்டுச் சொல்லுங்கோ அம்மா, நானே வாறன்" என்றார்.

கொப்பியும் பேனையுமாக ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். "கோழிக்கும் ஊசியா" என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். ஊசி இல்லை, கண்ணில் ஒரு சொட்டு. 118 கோழி சேர்ந்தது. கூடு திறக்க முன்னம் விடியக்காலை ஐந்தரைக்குத் தொடங்கினோம், திறந்துவிட்டால் ஒன்றையும் பிடிக்க முடியாது. முருங்கையில் படுக்கிற கோழிகளுக்கு அயல்வீட்டுப் பொடியன் ஏறினான். ஏழு மணிக்குள் முடிந்தது. மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்கிறோம். அந்த வீடுகளில் கழுத்துத் திருகின கோழியை நான் இதுவரை காணவில்லை.

ஆகவே, குஞ்சு கொடுப்பவர்களிடம் கேட்கிறேன். மாரி கழிந்து மாசியில் கொடுங்கள். பெட்டியோடு வரமுன்னம் ஒருநாள் வந்து கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒருநாள், பத்துநாள் குஞ்சு வேண்டாம், சொட்டு மருந்து போட்ட ஒருமாதக் குஞ்சாகத் தாருங்கள். இருபதுக்குப் பதில் எட்டுத் தந்தாலும் பரவாயில்லை. வாங்கியவர்களின் பெயர்ப் பட்டியலை அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொடுத்தால், ஒரே நாளில் ஒரு போத்தல் முழுவதும் பயன்பட்டுவிடும். படம் எடுக்கிறவர்கள் ஆறு மாதம் கழித்தும் ஒருமுறை வரட்டும். அப்போது எத்தனை கோழி நிற்கிறதோ, அதையும் பத்திரிகையில் போடுங்கள்.

என் கொப்பியில் இப்போது 14 வீடு. அடுத்த போத்தல் மாசி முதல் கிழமை. முருங்கையில் ஏறின பொடியன் இந்தமுறை பரீட்சைக்குப் படிக்கிறானாம், வேறு ஆள் தேட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தம்பலகாமம், திருகோணமலை.