பிளாஸ்டர் என்ற பெயரால் வந்த வினை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். பிழை என்னுடையதுதான். ஆனால் இதே பிழை வேறு வீடுகளிலும் நடக்கக்கூடியது என்பதால் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

என் ஐயாவுக்கு 79 வயது. ஓய்வுபெற்ற தபாலதிபர். ஒரு காலத்தில் ஊரில் எந்த வீட்டுக்கு எந்தத் தேசத்திலிருந்து கடிதம் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இப்போது காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பதே நினைவில் நிற்பதில்லை. மறதி நோய்க்கு ரிவாஸ்டிக்மின் என்ற மருந்தை முதலில் குளிசையாகத் தந்தார்கள். ஓயாத சத்தி. அதனால் வைத்தியர் தோலில் ஒட்டும் வகைக்கு மாற்றினார். கனடாவில் இருக்கும் அண்ணா பெட்டி பெட்டியாக அனுப்புகிறார். உள்ளே இருக்கும் விளக்கத்தாள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். பெட்டியில் என்ன பெயர் போட்டிருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பிளாஸ்டர்.

மாசியில் ஒரு அலுவலாக நான் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. அன்று காலை ஐயாவுக்கு ஒட்டிவிட்டு, சித்தியைக் கூப்பிட்டு வீட்டில் விட்டேன். "நாளைக்கும் நாளையிண்டைக்கும் தோய்ஞ்ச பிறகு முதுகில ஒண்டு ஒட்டிவிடுங்கோ சித்தி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பழையதைக் கழற்றச் சொல்லவில்லை. தினமும் கை தானாகச் செய்கிற வேலை, சொல்லவேண்டும் என்றே தோன்றவில்லை. சித்திக்குத் தெரிந்த பிளாஸ்டர் இடுப்புப் பிடிப்புக்கு ஒட்டுவது. அது தானாகக் கழன்று விழும்வரை கிடக்கும்.

மூன்று நாள் கழித்து விடியற்புறம் பஸ்ஸால் வந்து இறங்கினால், ஐயா சாய்மனைக் கதிரையில் துவண்டு கிடக்கிறார். குடித்த தேத்தண்ணீரைச் சத்தி எடுத்திருந்தார். தலைக்கு மேல் மின்விசிறி சுழல, நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வடிகிறது. "இரவுப் புட்டு ஒத்துக்கொள்ளேல்லப் போல" என்றார் சித்தி. நனைந்த சேர்ட்டைக் கழற்றினேன். வலது தோளுக்குக் கீழே ஒன்று, இடது தோளுக்குக் கீழே ஒன்று, நடு முதுகில் இன்னொன்று. தோல் நிறத்தில் வட்டமாக மூன்று. பாவம் சித்தி, ஒன்றின்மேல் ஒன்று படாமல் இடம் பார்த்து ஒழுங்காகத்தான் ஒட்டியிருந்தார்.

மூன்றையும் உரித்துவிட்டு ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாடி நிமிடத்துக்கு 46. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். "மூண்டு நாள் குளிசையை ஒண்டாய்க் குடுத்தமாதிரித்தான் பிள்ளை" என்றார் வைத்தியர். அப்போதுதான் ஒரு கணக்கும் சொன்னார். ஐயாவுக்கு ஒட்டுவது 9.5 என்ற அளவு. அதற்குள் இருப்பது 18 மில்லிகிராம் மருந்து. 24 மணித்தியாலத்தில் உடம்புக்குள் போவது 9.5 மட்டும். மிச்சம் பாதி பிளாஸ்டரிலேயே இருக்கும். கழற்றாமல் விட்டால் அதுவும் ஊறிக்கொண்டே இருக்கும். இத்தனை மாதமும் நான் அந்தப் பாதியைத்தான் குசினிக் குப்பை வாளிக்குள் சும்மா எறிந்துகொண்டிருந்தேன். அண்ணாவின் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தவழ்ந்து திரிந்த அதே குசினி.

சில நாள் மருந்து இல்லாமல் இருந்துவிட்டதால் ஐயாவுக்கு மறுபடி 4.6 என்ற குறைந்த அளவிலிருந்துதான் தொடங்கினார்கள். மூன்று நாளுக்கு மேல் ஒட்டாமல் விட்டால் பழைய அளவுக்கு நேரே போகக்கூடாதாம். பிளாஸ்டர் முடிந்து அடுத்த பார்சலுக்குக் காத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்கவேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை வேறு. முதலில் பழையதைக் கழற்றி, ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி இரண்டாய் மடித்து, மூடி போட்ட பேணிக்குள் போடுவது. அதன் பிறகுதான் புதியதன் உறையையே கிழிப்பது. வெட்டிப் பாதி ஒட்டுவது கிடையாது. உள்ளங்கையால் அரை நிமிடம் அமத்திப் பிடித்துவிட்டு, சவுக்காரம் போட்டுக் கை கழுவும்வரை கண்ணைத் தொடுவதில்லை. ஒட்டிய இடத்தை நாட்காட்டித் தாளில் "வலது மேல்", "இடது கீழ்" என்று குறித்து வைக்கிறேன். ஒரே இடத்துக்கு 14 நாளுக்குள் திரும்பக்கூடாது. பிரச்சினை சனிக்கிழமைதான். நல்லெண்ணெய் வைத்துத் தோய்வதை மட்டும் ஐயா இன்னும் மறக்கவில்லை. எண்ணெய்த் தோலில் பிளாஸ்டர் நிற்காது. ஆகவே முதுகுக்கு எண்ணெய் இல்லை என்று சொல்லிவிட்டேன். வாரம் தவறாமல் புறுபுறுக்கிறார்.

எல்லாப் பிளாஸ்டரும் ஒரே விதம் என்று யாரும் நினைத்துவிடவும் கூடாது. நெஞ்சு நோவுக்கு ஒட்டும் நைட்ரோகிளிசரினை வழமையாக ஒவ்வொரு நாளும் 10 தொடக்கம் 12 மணித்தியாலம் கழற்றி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் உடம்பு பழகி மருந்து பிடிக்காது. புற்றுநோய் வலிக்கு ஒட்டும் பென்டனில் என்ற மருந்து இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. 72 மணித்தியாலத்துக்கு ஒன்று. முதல் தடவை ஒட்டி நன்றாகப் பிடிக்கவே 12 தொடக்கம் 24 மணித்தியாலம் ஆகும். அதற்குள் பொறுக்கமுடியாமல் இன்னொன்றை ஒட்டினால் மூச்சுக்கே ஆபத்து. அதன்மேல் சுடுதண்ணீர்ப் போத்தலால் ஒத்தடம் கொடுத்தாலும் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். கடும் காய்ச்சலும் அப்படித்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012 இல் விடுத்த எச்சரிக்கையைத் தேடி வாசித்தேன். அதற்கு முந்திய 15 வருடத்தில் பென்டனில் பிளாஸ்டர் தவறுதலாகப் பட்டு அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட பிள்ளைகள் 26 பேர். 10 பேர் இறந்துவிட்டார்கள். அந்த 26 பேரில் 16 பேர் இரண்டு வயதோ அதற்கும் குறைவோ. என் குப்பை வாளிதான் நினைவுக்கு வந்தது.

என் வேண்டுகோள் சின்னது. குளிசை உறையில் "காலை 1, இரவு 1" என்று எழுதித் தருகிற மருந்தகங்கள், இந்தப் பெட்டிகளிலும் "பழையதைக் கழற்றிவிட்டு ஒட்டவும்" என்று தமிழில் ஒரு வரி எழுதித் தரவேண்டும். எத்தனை மணித்தியாலத்துக்கு ஒன்று என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. வெளிநாட்டிலிருந்து அனுப்புகிறவர்களும் பார்சல் கட்டும்போது இதைத் தமிழில் எழுதி வைக்கலாம். அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். போன கிழமை வந்த பெட்டியில் அவருடைய கோணல் எழுத்தில் சிவப்பு மையால் எழுதியிருந்தது. சித்தி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதை முதலே எழுதியிருக்கலாமே" என்றார்.

இவ்வண்ணம்,
ஒரு மகள்,
இணுவில்.