பாதி ஷட்டர் நேரத்து வாடிக்கையாளர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மணப்பாறையில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இரவு ஷட்டரைப் பாதி இறக்கும் நேரம் பார்த்துச் சிலர் வருவார்கள். முதலில் விக்ஸ் மிட்டாய் கேட்பார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, சூடு பிடிச்சிருச்சு, ஒண்ணுக்குப் போனா எரியுது."

வெறும் சூடென்று மோரோடு விட்டுவிட முடியாது. சீழும் வந்தால் அது உடலுறவில் தொற்றும் வெட்டை நோயாக (கொனோரியா) இருக்கலாம்.

ஒரு லாரி டிரைவர் தம்பி அப்படித்தான் வந்தார். மறைவிடத்தில் புண், ஆனால் வலியில்லை. களிம்பு கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஆறிவிட்டது என்று நன்றி வேறு சொன்னார். பிறகு ஒருநாள் டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளங்கையை நீட்டினார்: செம்புள்ளிகள். எனக்குத் திக்கென்றது. அது சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் அடையாளமாக இருக்கலாம். சிபிலிஸ் புண் மருந்தே இல்லாமலும் ஆறும். கிருமி மட்டும் உடம்பிலேயே இருக்கும். களிம்பு கொடுத்தது என் தப்பு. அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை, பென்சிலின் ஊசி, எல்லாம் இலவசம். கர்ப்பமாயிருந்த மனைவியையும் அழைத்துப்போகச் சொன்னேன். வயிற்றுப் பிள்ளைக்கும் தொற்றும் நோய் அது. ஒருவர் மட்டும் ஊசி போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

ஆணுறையை இன்றும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுக்கிறேன், பெரும்பாலும் உங்கள் தாளில்தான். அந்தத் தாளில் லாட்ஜ் வைத்தியர் விளம்பரத்துக்குப் பக்கத்திலாவது எய்ட்ஸ், பால்வினை நோய் பற்றி ஆலோசனை சொல்லும் 1097 என்ற இலவச உதவி எண்ணைப் போடுங்கள் சார்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர், மணப்பாறை